பரவாயில்லைங்க

அன்று காலை ஒன்பது மணிக்கு மின்விசிறி நின்றபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர்தான் கீழேயிருந்து மாடியை எட்டிப் பார்த்து, "மாசாந்திர கரண்ட் கட்டு தம்பி. சாயங்காலம் அஞ்சுக்குத்தான் வரும். பேப்பர்ல போட்டிருந்தாங்களே, பாக்கலையா?" என்றார். பேப்பர் பார்க்கிற ஆளா நான்? லேப்டாப்பில் பாதி சார்ஜ்கூட இல்லை, மோடம் அணைந்து கிடந்தது. லேப்டாப்பைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு கோரிப்பாளையம் சந்திப்பில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே புகுந்து ஓடினேன். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரே ஒரு கடையில் இன்வெர்ட்டர் புண்ணியத்தில் விளக்கு எரிந்தது. பவதாரிணி ஜெராக்ஸ். உள்ளே என் வயதுடைய ஒருவன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஒரு கையால் யாருடைய ரேஷன் கார்டையோ மெஷினில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஒரு அம்மாவுக்கு விண்ணப்பத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தையும் பையையும் பார்த்துவிட்டு, "பிளக்கு அங்கன இருக்கு சார், மாட்டிக்கங்க. டீ சொல்லவா?" என்றான். நான் யார், எந்த ஊர் என்று கேட்கவே இல்லை. அவன்தான் சிவபாண்டி.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னை பெரம்பூர்க்காரன். பெயர் ஜினோ. அம்மா, அப்பா இருவரும் மிஷன் பள்ளியில் ஆசிரியர்கள். எனக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய வேலை. அதனால் ஊருக்கு ஒரு மாதம் என்று தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். புதுச்சேரி, கும்பகோணம், அப்புறம் மதுரை. போகிற ஊரிலெல்லாம் ஒரே வாரத்தில் எனக்கு நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள் என்று பெருமையாக எழுதுவேன், படமும் போடுவேன். கிளம்பிய பத்தாவது நாள் அவர்கள் போன் செய்தால் எடுப்பதில்லை என்பதை எழுதியதில்லை. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடைக்காரர் தம் மகளின் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். வாழ்த்துகள் என்று ஒரு வார்த்தை தட்டக்கூட எனக்குக் கை வரவில்லை. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, அடுத்த ஊர் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

வேலை என்னவென்றால், வெளிநாட்டு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றுக்கு நோயாளிகளின் கோப்புகளைப் படித்துச் சரிபார்ப்பது. நோயாளிகளின் விவரம் என்பதால் லேப்டாப்பை வேறு யாரும் தொடக் கூடாது, திரையைப் பார்க்கவும் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். திரையின் மூலையில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். பத்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் சென்னையிலிருக்கும் என் டீம் லீடர் ஜெரால்டுக்குத் தெரியும். மூன்று வருடமாக நான் அந்தப் பச்சைப் புள்ளிக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். பாத்ரூம் போனாலும் நிமிடக் கணக்குத்தான்.

அறையில் கரண்ட் வந்த பிறகும் நான் அந்தக் கடைக்கே போனேன். தனியாகச் சுற்றுவதில் ஒரு சுகம் இருக்கிறது என்று நான் எழுதியதெல்லாம் பாதிதான் உண்மை. நாள் முழுக்க ஒரு மனிதக் குரல்கூடக் கேட்காமல் அடுத்தவர்களின் நோய்க் கோப்பைப் படித்துக்கொண்டிருந்தால், சுவரில் இருக்கும் பல்லிகூடச் சொந்தமாகத் தெரியும். சிவபாண்டியின் கடையில் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். எல்லாம் ஆஸ்பத்திரிக் கூட்டம். ஆதார் நகல், காப்பீட்டு அட்டை நகல், எழுதத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம். அவன் யாரையும் பதில் சொல்லாமல் நிறுத்தி வைத்து நான் பார்த்ததில்லை. கை வேலையாக இருந்தாலும், "இந்தா ஆச்சு அக்கா, ஒரு நிமிசம்" என்று வாயாவது சொல்லும். கேட்ட ஆளுக்குப் பதில் வரவில்லையென்றால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. மூன்றாம் நாள் சார் போய் மாப்ள வந்தது. அந்த ஒரு சொல்லைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அது வந்த பிறகுதான் தெரிந்தது. நானும் அவனை மாப்ள என்று கூப்பிடப் பழகினேன். என் வாயில் அது கொஞ்சம் பொருந்தாமல்தான் நின்றது, அவன் கண்டுகொள்ளவில்லை.

"மதுரைக்கு வந்து நாயக்கர் மகால்கூடப் பாக்கலையா? எந்திரி மாப்ள. போயிட்டு வா, நான் மவுஸ ஆட்டிக்கிறேன்" என்று அவன்தான் ஒரு நாள் சொன்னான். சொன்னது அவன். ஆனால் பச்சைப் புள்ளியைப் பற்றி அவனிடம் நாள் தவறாமல் புலம்பியது நான். லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தது நான். பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுத்தேன், திரை பூட்டிக்கொண்டால் வேண்டுமே. அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவன் வலது கையால் நகல் எடுப்பான், இடது கையால் மவுஸை ஒரு தள்ளுத் தள்ளுவான். நான் அழகர்கோயில் மலையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பேன்.

அவனுடைய அப்பா சின்னானை நான் முதலில் பார்த்தது அந்தக் கடையில்தான். மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கண் காட்டுவதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்துபோவார். கடைக்குள் வருவார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். மகன் கடைதான், ஆனாலும் மேசையில் கை வைக்க மாட்டார், ஒரு பேனாவைக்கூடத் தொட மாட்டார். டீயைக் கையில் கொடுத்தால் மட்டும் ஒரு கை முன்னால் வரும், குடித்ததும் பழையபடி பின்னால் போய்விடும். எனக்கு அது அழகாகத் தெரிந்தது. பின்னாலிருந்து அந்தக் கைகளை ஒரு படம் எடுத்து, 'மதுரை மண்ணின் பணிவு' என்று தலைப்பு வைத்துப் போட்டேன். எழுநூறு பேர் விரும்பியிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவபாண்டி என்னை ஊருக்கு அழைத்துப்போனான். கல் குவாரியைத் தாண்டி, கண்மாயைத் தாண்டி, கான்கிரீட் தளம் போட்டுப் பூசாமல் விட்ட வீடு. பவதாரிணி என்பது அவன் மனைவியின் பெயர் என்று அங்கேதான் தெரிந்தது. கண்மாய்க் கெண்டைக் குழம்பு வைத்திருந்தார். "நல்லா சாப்பிடுங்கண்ணே, இம்புட்டுத்தானா?" என்று மூன்று முறை சோறு வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் சின்னான் முற்றத்தில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்தார். தோலைச் சீவி, இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை எடுத்து, நாரை ஒவ்வொன்றாக உருவிவிட்டு என் உள்ளங்கையில் வைத்தார். "சாப்பிடுங்க தம்பி, வயித்துக்கு நல்லது" என்று என் தோளில் தட்டினார். அந்தக் கைகள் ஒரு நொடி சும்மா இருக்கவில்லை. ஆட்டை அவிழ்த்தன, பேத்தியைத் தூக்கின, என் செருப்பை எடுத்து நிழலில் போட்டன.

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும்போது சிவபாண்டியிடம் கேட்டேன், கடையில் மட்டும் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்று. அவன் வண்டியை மெதுவாக ஓட்டியபடியே சொன்னான்.

"அது வந்து மாப்ள, நான் அப்ப மூணாப்பு. அப்பா வேல பாத்த தோட்டத்துல மோட்டார் ரூம்ல காப்பர் ஒயரு காணாமப் போச்சு. அப்பாதான் எடுத்தாருன்னு ஊருக்கு முன்னாடி நிக்க வச்சாங்க. எடுத்தேன்னு சொல்லிரு, விட்டுர்றோம்னாங்க. எங்கப்பா சொல்லல. அடி வாங்குனாரு, சொல்லல. மூணாம் நாளு தோட்டத்து மொதலாளி வீட்டு மச்சுலயே ஒயரு இருந்துச்சு. ஒருத்தரும் வந்து ஒரு வார்த்த கேக்கல. அதுலருந்து அடுத்தவுக எடத்துக்குப் போனா கைய எடுத்துப் பின்னாடி வச்சுக்குவாரு. எங்க வீட்டுல மட்டுந்தான் கைய வெளிய விடுவாரு."

அன்று பஸ்ஸில் அந்தப் படத்தை நீக்கிவிட வேண்டும் என்று போனை எடுத்தேன். எழுநூறு இப்போது எண்ணூறாகியிருந்தது. தலைப்பை மட்டும் மாற்றிவிட்டுப் போனை மூடி வைத்தேன். அப்போதே எனக்கு என்னைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். நான் கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளத்தைப் பார்த்தபடி ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கடையில் சிவபாண்டி மவுஸை ஆட்டிக்கொண்டிருந்தான். திரையில் ஜெரால்டின் செய்தி ஒன்று வந்து விழுந்தது: இருக்கிறாயா, அவசரம். இரண்டாவது செய்தி, மூன்றாவது செய்தி. கேட்ட ஆளைப் பதில் இல்லாமல் நிறுத்தி வைக்க அவனால் முடியவில்லை. விண்ணப்பங்களுக்கு எழுதுகிற ஆங்கிலத்தில் சுத்தமாக ஒரு பதில் அடித்து அனுப்பிவிட்டான். மதிப்பிற்குரிய ஐயா, ஜினோ சாப்பிடப் போயிருக்கிறார், இருபது நிமிடத்தில் வந்துவிடுவார், தயவுசெய்து காத்திருக்கவும், இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள சிவபாண்டி. ஊர் சுற்றப் போயிருக்கிறேன் என்று போட்டுக் கொடுக்கவில்லை பாருங்கள். எனக்காக ஒரு பொய்யும் சேர்த்துத்தான் அனுப்பியிருந்தான்.

இரண்டே நிமிடத்தில் ஜெரால்ட் என் போனுக்கு வந்துவிட்டார். "யாரு சிவபாண்டி?"

யோசிப்பதற்கு முன்பே என் வாயில் பதில் இருந்தது. "ஜெராக்ஸ் கடைக்காரர் சார். நான் எழுந்து போன கேப்ல லேப்டாப்ப எடுத்துட்டாரு போல."

"நீ குடுத்துட்டுப் போனியா, அவரா எடுத்தாரா? ரெண்டும் வேற ஜினோ. குடுத்திருந்தா நாளைக்கு உனக்கு வேல கிடையாது, நானே நெனச்சாலும் காப்பாத்த முடியாது. அவரா எடுத்தார்னா ஒரு வார்னிங்கோட போயிரும்."

"அவராத்தான் எடுத்தார் சார்" என்றேன். முதலில் இருந்த 'போல' இப்போது இல்லை.

விசாரணை வைப்பார்கள், அந்தக் கடைக்காரரும் வீடியோவில் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். அன்று மாலை கடையில் நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் சிவபாண்டி சிரித்துவிட்டான். "இதுக்கா மூஞ்சி இம்புட்டுத் தொங்குது? சொல்லிருவோம் மாப்ள. நாந்தானே பதில் போட்டு ஒன்னிய மாட்டி விட்டேன்." உன் மேல் தப்பில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். காப்பர் ஒயர் கதை என் தொண்டை வரைக்கும் வந்தது. எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அழைப்பு. பத்தரைக்குச் சின்னான் கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டிருந்தார்கள், பார்வை தெளிய நேரமாகும், அதுவரை இங்கே இருக்கட்டும் என்று சிவபாண்டி ஓரத்து ஸ்டூலில் உட்கார வைத்தான். அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடப் பொய், தூங்கினால் தேவலை என்று விரும்பினேன். அழைப்பைப் பிற்பகலுக்குத் தள்ளச் சொல்லி ஒரு வரி எழுதினால் போதும். எழுதவில்லை.

பெங்களூர் அலுவலகத்திலிருந்து ஐரின் என்பவர் திரையில் வந்தார். மரியாதையான குரல். "தமிழ்லயே பேசலாங்க சிவபாண்டி. ஜினோ உங்ககிட்ட லேப்டாப்பக் குடுத்துட்டுப் போனாரா?"

"இல்ல மேடம். நானா எடுத்தேன்."

"கேட்டீங்களா?"

"கேக்கல மேடம். கேக்காமத்தான் எடுத்தேன்."

"எதுக்கு எடுத்தீங்க?"

இதை நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை. சிவபாண்டி என்னைப் பார்த்தான். நான் கேமராவுக்குத் தெரியாத பக்கம், கதவு ஓரமாக நின்றிருந்தேன். என் முகத்தில் அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "சும்மா, ஆசையா இருந்துச்சு மேடம். தொட்டுப் பாக்கலாம்னு."

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி அடுத்தவங்க பொருளை எடுத்திருக்கீங்களா?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்வியாகத்தான் இருக்க வேண்டும், அவர் காகிதத்தைப் பார்த்துத்தான் கேட்டார். சிவபாண்டியின் காது சிவந்ததை நான் பார்த்தேன். "இல்ல மேடம்" என்றான். "இதான் மொதத் தடவ."

திரை அணைந்தது. ஸ்டூலிலிருந்து குரல் வந்தது.

"யாரு பொருளப்பா எடுத்த?"

"ஒண்ணுமில்லப்பா. கம்பேனி விசயம். நீங்க உக்காருங்க."

சின்னான் உட்காரவில்லை. மருந்து விட்ட கண்ணுக்கு வெளிச்சம் கூசியது, எதிரில் இருப்பது எதுவும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்போதும் எதையும் பிடிக்காமல், கையைப் பின்னால் கட்டியபடியே, மேசைக் காலில் இடித்துக்கொண்டு என் பக்கம் வந்தார். வந்து நின்றதும் கைகளை முன்னால் கொண்டுவந்து கூப்பினார்.

"ஐயா, தெரியாமச் செஞ்சுட்டான்யா. படிச்ச பய, இப்பிடிச் செய்யிறவன் இல்ல. மனசுல வச்சுக்காதீங்கய்யா."

ஞாயிற்றுக்கிழமை நான் தம்பி. வியாழக்கிழமை ஐயா. நான் சொல்ல வேண்டியது நான்கே வார்த்தைதான்: அவன் எடுக்கவில்லை, நான் கொடுத்தேன். லேப்டாப் மூடியிருந்தது, ஐரின் போய்விட்டார், கேட்பதற்கு யாருமில்லை. ஆனால் ஒரு பெண் ஆதார் அட்டையோடு படியேறி வந்துகொண்டிருந்தாள், சிவபாண்டி தலையைக் குனிந்து மெஷினில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தான், அந்தக் கூப்பிய கைகள் கீழே இறங்கினால் போதும் என்று எனக்கு இருந்தது.

"பரவாயில்லைங்க" என்றேன்.

பஸ்ஸில் காலை மிதித்துவிட்டவரிடம் சொல்வதுபோல அவ்வளவு சுலபமாக வந்தது. நான் அவரை மன்னித்தேன். அந்த மனிதரை, அவர் மகனை, நான் மன்னித்தேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. எச்சரிக்கை மட்டும்தான். தகவல் பாதுகாப்பு பற்றி ஆன்லைனில் ஒரு பாடம் படித்துப் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். பத்துக்குப் பத்து வாங்கினேன்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். "வாங்க சார்" என்றான் சிவபாண்டி. கோபமெல்லாம் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டான், டீ சொல்லவா என்றுகூடக் கேட்டான்.

"நான் கம்பெனிக்கு உண்மையை எழுதிடறேன் மாப்ள."

"வேணாம் சார். அப்பறம் நானும் பொய் சொன்னவனா ஆயிருவேன். அவுக கூப்பிட்டுக் கேட்டா என்னன்னு சொல்ல?"

"அப்பாகிட்டயாவது நான் சொல்றேன்."

அவன் ஒரு நகலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். "அன்னைக்கே வீட்டுல சொல்லிட்டேன் சார், அவருதான் குடுத்தாருன்னு. நம்பல. நான் சமாளிக்கிறேன்னு நெனைக்கிறாரு." நகலை அடுக்கில் வைத்தான். "நீங்கதான் பரவாயில்லைன்னு சொல்லிட்டீங்கள்ல. தப்பு இல்லாட்டி அவரு ஏன்டா பரவாயில்லைன்னு சொல்லப் போறாருன்னு கேக்குறாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை கீழவெளி வீதி மாதா கோயிலுக்குப் போனேன். சின்ன வயதிலிருந்து மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிற வீடு எங்களுடையது. மரச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் சாமியார் இருப்பார், நம் பாவத்தை நம் வாயாலேயே சொல்ல வேண்டும். நான் என் பாவத்தை இன்னொருவன் வாயால், கேமராவுக்கு முன்னால், அவன் அப்பாவின் காதுபடச் சொல்ல வைத்தவன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். என் முறை வந்தால் மன்னிப்புக் கிடைத்துவிடும் என்பது திடீரென்று பயமாக இருந்தது. வரிசையிலிருந்து விலகி வெளியே வந்து மாட்டுத்தாவணிக்குப் போய் மேலூர் பஸ்ஸில் ஏறினேன். பழக்க தோஷம், லேப்டாப் பை தோளில்தான் இருந்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. சின்னான் முற்றத்தில் உட்கார்ந்து பனங்கிழங்கைச் சிறிதும் பெரிதுமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வேகமான கைகள், மண்ணைத் தட்டின, வாலைக் கிள்ளின, அடுக்கின. நான் வாசலில் நின்று செருப்பைக் கழற்றிய சத்தத்துக்கு நிமிர்ந்தார். யாரென்று தெரிந்ததும் எழுந்து நின்றார். கையிலிருந்த கிழங்கைக் கீழே போட்டார். வேட்டியில் ஒரு முறை துடைத்துக்கொண்டு, அந்த இரண்டு கைகளும் மெதுவாக அவர் முதுகுக்குப் பின்னால் போயின. அவர் சொந்த வீட்டு முற்றத்தில்.

"அப்பா" என்றேன். "அன்னைக்கு அவன் எடுக்கல. நான்தான் குடுத்தேன். பாஸ்வேர்டும் குடுத்தேன். எனக்கு வேலை போயிடும்னு அவனப் பொய் சொல்ல வச்சேன்."

அவர் கேட்டுக்கொண்டார். உள்ளே பவதாரிணி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"அவன் சொல்லி அனுப்புனானாய்யா?"

"இல்லப்பா. சத்தியமா இல்ல. நானா வந்தேன்."

"நல்ல மனசுய்யா ஒங்களுக்கு" என்றார். "விட்டுருங்க, நடந்தது நடந்துபோச்சு. உள்ள வாங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்."

என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. பையைத் திறந்து லேப்டாப்பை வெளியே எடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து அவர் முன்னால் நீட்டினேன். "இதைக் கொஞ்சம் பிடிங்கப்பா. இப்படித்தான் அவன் கையில குடுத்தேன். பிடிங்க."

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கருப்புக் கண்ணாடிக்குள் அவர் கண் எனக்குத் தெரியவில்லை. பவதாரிணி ஈரக் கையோடு கதவருகே வந்து நின்றார். மத்தியான வெயிலில் எனக்குக் கை வலிக்கத் தொடங்கியது. நான் நீட்டியபடியே நின்றேன், அவர் கையைப் பின்னால் கட்டியபடியே நின்றார். காலடியில், பாதி பிரித்த கிழங்குக் குவியலை ஒரு ஆடு வந்து முகர்ந்துகொண்டிருந்தது, அதை விரட்டக்கூட அவர் கை முன்னால் வரவில்லை.